மறுமொழி: ஆய்வு நல்கையில் “மறைமுகச் செலவு”

நண்பர்களுக்கு வணக்கம். ஆய்வுக்குத் தரப்படும் நிதியான நல்கையில், எந்த ஒரு திட்டத்தின் கணக்கிலும் தனியாக ஏற்ற முடியாத பொதுவான செலவை ஆங்கிலத்தில் indirect cost என்கிறார்கள். அதைத் தமிழில் “மறைமுகச் செலவு” என்பதா, வேறு சொல் வேண்டுமா என்பதே பேச்சு.

> மறைமுக வரி என்கிறோமே, அதுபோல மறைமுகச் செலவு என்றே இருக்கட்டும். புதுச்சொல் எதற்கு?

மறைமுக வரி பாடநூல்களில் ஊறிப்போன சொல்; அதைக் கேட்டு யாரும் ஐயப்படுவதில்லை. “அரசு தந்த ஆய்வுப் பணத்தில் பல்கலைக்கழகம் மறைமுகச் செலவு செய்தது” என்று எழுதிப் பாருங்கள். தணிக்கையில் சிக்கிய செய்தி போல ஒலிக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பல்கலைக்கழகங்களுக்கான புதிய நல்கைகளில் திட்டத்தின் நேரடிச் செலவின்மேல் இச்செலவுக்காகத் தரும் விகிதம் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2025 மே மாதம் அறிவித்தது. ஜூனில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இச்செய்தியை “மறைமுக” சேர்த்து எழுதினால், திருட்டைத் தடுக்கப் போன அரசின் குறுக்கே நீதிமன்றம் நின்றது என்றுதான் வாசகர் நினைப்பார்.

சொல்லுக்கு முன் பொருள். ஒரு கணினி அறிவியல் திட்டத்தில் ஆய்வு மாணவரின் ஊதியமும் மாநாட்டுப் பயணமும் அந்தத் திட்டத்தின் கணக்கிலேயே ஏறும்; இது நேர்ச்செலவு. வழங்கிக் (server) கூடத்தின் மின்சாரம், குளிரூட்டல், வலையமைப்பு, நூலகம், நல்கைக் கணக்கைப் பார்க்கும் அலுவலகம் ஆகியவற்றை யார் தலையில் எழுதுவது? ஒரே கூரையின் கீழ்ப் பல ஆய்வுகள் நடக்கின்றன. ஆகவே அரசும் பல்கலைக்கழகமும் பேசி ஒரு விகிதத்தை வைத்துக்கொள்கின்றன.

அந்த விகிதத்திலும் ஒரு மயக்கம் உண்டு. 60 விழுக்காடு என்றால் நல்கையில் 60 பங்கு போய்விடுகிறது என்று பொருளன்று. நேர்ச்செலவு 100 டாலர் என்றால் அதன்மேல் 60. மொத்தம் 160-இல் அது 37.5 விழுக்காடுதான். நேர்ச்செலவு முழுவதும் இக்கணக்கில் வருவதுமில்லை. விலையுயர்ந்த கருவிகள், ஆய்வு மாணவரின் கல்விக் கட்டணம் போன்றவற்றைக் கழித்த பிறகே விகிதத்தைப் போடுகிறார்கள். நம் துறையில் இதன் விளைவு வேடிக்கையானது. வழங்கியை விலைக்கு வாங்கினால் அது கருவி, விகிதம் இல்லை. அதே வேலைக்கு மேகக் கணிமையை வாடகைக்கு எடுத்தால் அது சேவை; பொதுவாக விகிதம் ஏறிவிடும். வளாகத்தின் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் விழுங்குவது என்னவோ முன்னதுதான்!

இனிச் சொற்கள். “மேற்செலவு” வணிகவியலில் இருக்கிறது. ஆனால் மேல்வரும்படியின் வாடை எனக்கு அடிக்கிறது. “பொதுச்செலவு” அரசின் பொதுச் செலவினத்தோடு மோதும். “பகிர்செலவு” நல்ல ஆக்கம், பொருளும் கிட்டத்தட்டச் சரி. ஆனால் திட்டச் செலவில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகமே தன் கையிலிருந்து போடும் வழக்கம் தனியாக உண்டு. அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அதற்கே விட்டுவைப்போம்.

என் பரிந்துரை “தாங்குசெலவு”. ஆய்வைத் தாங்கி நிற்பதற்கான செலவு.

> தாங்கக்கூடிய செலவு என்று படிக்க மாட்டார்களா?

தனியே நின்றால் படிக்கலாம். “தாங்குசெலவு விகிதம்” என்னும்போது அந்தப் பொருள் ஒட்டாது. சுமைதாங்கியையும் இடிதாங்கியையும் அறிந்தவருக்குத் தாங்குதல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். அமெரிக்க விதிகளில் இந்தச் செலவு கட்டட வசதி, நிருவாகம் என இரண்டாகப் பிரியும். பல்கலைக்கழகங்களின் நிருவாகப் பங்குக்கு 1991 முதல் 26 விழுக்காடு உச்சவரம்பு இருக்கிறது. வசதித் தாங்குசெலவு, நிருவாகத் தாங்குசெலவு என்று இரண்டும் இடறாமல் வருகின்றன. “நிருவாக மறைமுகச் செலவு” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். என் தரப்புக்கு வந்துவிடுவீர்கள்.

வினைத்தொகை என்பதால் தாங்குசெலவில் ஒற்று மிகாது. நேர்ச்செலவா, நேர்செலவா என்பதில் எனக்கே உறுதியில்லை; இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.