.22 ரிவால்வர்: சிலிண்டர் இறுகுகிறது

கேள்வி:
டெக்சாஸில் பழைய .22 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். இருபது, முப்பது ரவுண்டு சுட்டதும், தோட்டாக்களைப் போடும் சிலிண்டர் சுற்ற மறுக்கிறது. .22 லாங் ரைஃபிள் என்ற நீளத் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் உள்ளே தள்ளுகிறேன். ஆறில் இரண்டு, சுத்தியலின் முதல் அடியில் வெடிப்பதில்லை, மறு அடியில் வெடிக்கிறது. ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

பதில்:
ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள், தம்பி. முன்பு வைத்திருந்தவர் .22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா நிறைய சுட்டிருப்பார். அதன் கூடு 10.7 மி.மீ., லாங் ரைஃபிளுக்கு 15.6. ஷார்ட் முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகப் படிந்துவிடும். நீளக் கூடு அதில் முட்டி, அதன் அடி விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். சிலிண்டர் உரசுவது அதனால்தான். முதல் அடியும் தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிறது. தோட்டா ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டு, சிலிண்டரின் அறைகளில் கரியைக் கரைக்கும் சால்வென்ட் விட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் வெண்கல பிரஷ். எனக்கு ஒரு அறைக்கே கால் மணி நேரம் ஆனது, கை கடுத்துவிட்டது!

இன்னொரு பதில்:
சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் அடியிலும் பல் துலக்கும் பிரஷ் போடுங்கள். எரியாத மருந்துத் துகள் அங்கே ஒன்று சிக்கினாலே போதும், சிலிண்டர் இறுகிவிடும். வெடிக்காவிட்டால் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருங்கள், உடனே திறக்காதீர்கள்.

கேட்டவர்:
வளையம்தான், அண்ணா. விற்றவர் தந்த பெட்டியில் பாதி ஷார்ட்!