பழைய பிக்கப்பில் ஹீட்டர் சூடு காணாது: உங்கள் அனுபவம் என்ன?

எட்மன்டன்வாசி:
1996 பிக்கப். வெளியே மைனஸ் 28. கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) நிறைய இருக்கு, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) புதிது, எஞ்சின் சூடு காட்டும் ஊசியும் நடுவில் நிற்கிறது. ஆனால் ஹீட்டரில் வருவது வாயால் ஊதின மாதிரிக் காற்று. மகளைப் பள்ளியில் விடப் போகும்போது கண்ணாடியின் உள்பக்கத்தைப் பழைய வங்கி அட்டையால் சுரண்டிக்கொண்டு ஓட்டினேன். "அப்பா, உள்ளுக்கும் ஸ்னோ" என்றாள்.

அன்றைக்கே பொனட்டைத் திறந்து, எஞ்சின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் கை வைக்க முடியவில்லை. மற்றது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புடலங்காய். சரி, ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி உள்காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேட்டர், அடைத்துவிட்டது. நண்பரின் கராஜில் இரண்டு ஹோஸையும் கழற்றி, கோருக்குள் திரும்பி வரும் பக்கத்தால் தண்ணீர் விட்டோம். காபி மண்டி போல அரை வாளி சேறு. இரண்டு வருடம் முன்பு ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்க நானே ஊற்றிய பொடி! அந்த வாளி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஸ்கார்பரோ:
எனக்கு இரண்டு ஹோஸும் கொதித்தது, காற்று மட்டும் குளிர். டாஷ் முழுவதையும் இறக்கி கோர் மாற்ற வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். வீட்டுக்கு வந்து டாஷுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, மகனை ஹீட்டர் குமிழைத் திருப்பச் சொன்னேன். கேபிள் அசைகிறது, சூட்டுக்காற்றுக் கதவு அசையவில்லை. ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தது. கட்டுக்கம்பியால் கட்டினது மூன்று குளிர்காலமாக நிற்கிறது.

வினிபெக் பெரிசு:
எட்மன்டன் தம்பி, தண்ணீர் அடித்ததைப் பெருமையாகச் சொல்கிறீர். பழைய கோருக்குள் குழாயை முழுதாகத் திறந்தால் அது உள்ளுக்குள்ளேயே வெடிக்கலாம். அப்புறம் பயணி பக்கக் கார்ப்பெட் நனையும், வண்டிக்குள் இனிப்பு மணம் வரும், கண்ணாடியில் எண்ணெய் மாதிரிப் படியும். கழுவின தண்ணீரை உள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது. கூலன்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி இருந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். ஊற்றின பிறகு முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்ற வேணும். காற்றுக் குமிழி உள்ளே தங்கினால் எத்தனை கோர் மாற்றினாலும் சூடு வராது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறவும். சிந்தின கூலன்டை உடனே துடையும், இனிப்பென்று நாய் நக்கினால் செத்துப்போகும்.

என் கதை சின்னது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கி, ஊசி எழும்பவே இல்லை. பிராண்டனிலிருந்து வினிபெக் வரை, 200 கிலோமீட்டருக்கு மேல், ரேடியேட்டருக்கு முன்னால் காட்போட் பெட்டியைக் கிழித்துச் செருகி ஓட்டினேன். முழங்காலுக்கு மனைவியின் சால்வை.

எட்மன்டன்வாசி:
ஐயா, குழாயை மெதுவாகத்தான் திறந்தோம். வெடிக்கவில்லை. எங்கள் வீட்டில் நாய் இல்லை, பூனைதான்.

வினிபெக் பெரிசு:
பூனைக்கு இன்னும் மோசம். துடைத்தீரா?