அப்பாரு வீடு, குன்னூர் (வாட்ஸ்அப் குழு)

மீனா அத்தை: ஞாயிறு அப்பாவுக்குத் தலைத்திவசம். ஐயர் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார். சனிக்கிழமையே யார் யார் வருகிறீர்கள்?

பிரபு: நாங்கள் ஐந்து பேர் அத்தை. அப்பத்தாவும் எங்களோடுதான். புது கார். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட முடியுமா?

கவிதா: கரண்ட் காரா? மலை ஏறுமா?

சண்முகம் பெரியப்பா: ஏறும் கண்ணு. பிரபு, ஆட்களோடு வண்டி 1,800 கிலோ என்று வை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்த எடையை மேலே தூக்க மட்டுமே ஏழு யூனிட்டுக்கு மேல் வேண்டும். சக்கரம் உருள்வது, ஏசி எல்லாம் சேர்த்தால் மலைக்குப் பத்துப் பன்னிரண்டு. திருப்பூரிலிருந்து அடிவாரம் வரை எட்டு. உன் பேட்டரி எத்தனை?

பிரபு: 30 யூனிட்.

கவிதா: மேட்டுப்பாளையத்தில் இலை வாங்கிவிடு. முப்பது.

மீனா அத்தை: நாற்பது. நுனி இலையாகப் பார்.

சண்முகம் பெரியப்பா: 30 என்றால் வந்து சேர்ந்துவிடுவாய். ஆனாலும் அடிவாரத்தில் ஃபாஸ்ட் சார்ஜர் கிடைத்தால் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொள். அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், காத்திருக்காதே.

பிரபு: சார்ஜர் இருக்கும் இடம் காட்டும் ஆப்பை நம்பிப் போக முடியவில்லை பெரியப்பா. போன மாதம் ஊட்டியில் ஒரு விடுதியில் பச்சை காட்டியது. போனால், தங்குபவர்களுக்கு மட்டும் என்றார்கள். அடுத்த இடத்தில் சார்ஜர் முன்னால் ஒரு டீசல் வண்டி நிற்கிறது, டிரைவரைக் காணோம். அப்பத்தாவை வைத்துக்கொண்டு அப்படி அலைய எனக்கு மனசில்லை.

செல்வம் சித்தப்பா: மலை ரயிலில் வரலாமே. 7.10.

கவிதா: அது இங்கே வருவதற்குள் ஐயர் போய்விடுவார் மாமா.

மீனா அத்தை: கீசர் பிளக் 15 ஆம்பியர். அதில் போடலாமா அண்ணா?

சண்முகம் பெரியப்பா: போடலாம். மணிக்கு மூன்று யூனிட் ஏறும், ஏழு மணி நேரத்தில் இருபது. ஆனால் எர்த் சரியாக இருக்க வேண்டும். அந்த வீட்டு எர்த் அப்பா காலத்தில் போட்டது. எர்த் இல்லையென்றால் சார்ஜரே சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும். அதை ஏமாற்ற ஏதாவது வழி சொல்வார்கள், கேட்காதே. மழை ஊர், ஈரத் தரை, பிள்ளைகள் நடமாடுவார்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இழுக்கக் கூடாது, சூடேறி உருகும். புது எர்த் குழி தோண்டிப் போட்டுவிடலாம்.

செல்வம் சித்தப்பா: விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு இந்தச் செலவு?

மீனா அத்தை: யார் விற்கப் போகிறது?

செல்வம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபுவின் அப்பா: திவசம் முடியட்டும்.

கவிதா: அம்மாயிக்கு வளைவில் குமட்டும். எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்.

பிரபு: வைத்தாச்சு. இ-பாஸும் எடுத்தாச்சு.

சண்முகம் பெரியப்பா: இன்னொன்று. திரும்பும்போது 85 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே. இறக்கத்தில் மோட்டாரே வண்டியைப் பிடித்து, பேட்டரிக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பும். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தப் பிடி இருக்காது, கால் பிரேக் சூடாகிவிடும். நாங்கள் இரண்டாவது கியரில் இறங்குவது மாதிரிதான் இது.

பிரபு: சரி பெரியப்பா. எலக்ட்ரீஷியன் வருகிறாரா அத்தை?

மீனா அத்தை: நாளை மழை இல்லையென்றால் வருகிறேன் என்றார்.

சண்முகம் பெரியப்பா: பணம் நான் கொடுக்கிறேன்.

மீனா அத்தை: நீங்கள் ஏன் அண்ணா. பார்க்கலாம்.

மீனா அத்தை: செல்வம், நீ வருகிறாய்தானே? உனக்கும் சேர்த்துத்தான் நாற்பது இலை சொன்னேன்.

செல்வம் சித்தப்பா: பார்க்கிறேன் அக்கா.