விக்கிமூலத்துக்கு ஒன்று, விக்கிப்பீடியாவுக்கு ஏழு: நோஸ்கிரிப்ட் துணைக்களச் சிக்கல்

மெய்ப்புத்தாத்தா:
பயர்பாக்ஸ் உலாவியில் நோஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நான் அனுமதிக்காத தளங்களில் ஸ்கிரிப்ட் எனும் சிறுநிரல்களை ஓடவிடாத நீட்சி அது. ஓய்வுபெற்ற பிறகு தினமும் தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். அங்கே அனுமதி கொடுத்துவிட்டதால் தளத்திலேயே உள்ள தமிழ்99 தட்டச்சுக் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு சொல்லைச் சரிபார்க்கத் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போனால் அங்கே தட்டச்சு இல்லை, மறுபடி அனுமதி. ஆங்கில விக்கிப்பீடியாவுக்குத் தனியாக, மலையாளத்துக்குத் தனியாக, முன்பு கைப்பேசிப் பதிப்புக்கும் தனியாகக் கொடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன்: பதினொரு பதிவுகள், அவற்றில் ஏழு விக்கிப்பீடியாவுக்கு மட்டும். முன்னால் நட்சத்திரக் குறி போட்டு ‘விக்கிப்பீடியா டாட் ஆர்க்’ என்று சேர்க்கப் பார்த்தேன், பயனில்லை. விக்கிப்பீடியா முழுவதற்கும் ஒரே பதிவு போட வழி உண்டா? நீட்சியையே நீக்கிவிடு என்று யாரும் சொல்ல வேண்டாம், அதை என் மகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

வலைக்கம்பி:
நட்சத்திரம் தேவையில்லை ஐயா. தளவாரி அனுமதிகள் பட்டியலில், எச்டிடிபிஎஸ் முதலிய முன்னொட்டு எதுவும் இல்லாமல் வெறும் ‘விக்கிப்பீடியா டாட் ஆர்க்’ என்று சேருங்கள். பட்டியலில் அதன் முன் மூன்று புள்ளிகள் தெரியும். துணைக்களங்கள் (அதே பெயரின் முன்னால் மொழிக்குறியோ வேறு பெயரோ சேர்ந்து வரும் முகவரிகள்) அனைத்தும் அதில் அடக்கம் என்பதே அந்தப் புள்ளிகளின் பொருள். முழு முகவரியாகச் சேர்த்தால் அந்த ஒரு முகவரிக்கு மட்டுமே செல்லும்.

உங்களுக்கு ஏன் ஒவ்வொன்றாக வந்தது என்று யோசித்தேன். அமைப்புகளில் தோற்றம் பகுதியைப் பாருங்கள். அனுமதிப் பட்டியலில் முழு முகவரிகளைக் காட்டு என்ற பெட்டியில் டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கருவிப்பட்டைப் பொத்தானை அழுத்தும்போதே மூன்று புள்ளிப் பெயர்தான் வரும்.

ஒன்று கவனிக்க வேண்டும். விக்கிமூலம், விக்கிப்பீடியா, விக்சனரி, விக்கிமீடியா ஆகியவை ஒன்றுக்கொன்று துணைக்களங்கள் அல்ல. நான்கும் தனித்தனிக் களங்கள், நான்கு பதிவுகள் வேண்டும்.

இரவுஆந்தை:
சரியான பதில். ஆனால் இதே பழக்கத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். பிளாக்ஸ்பாட் டாட் காம், கிட்ஹப் டாட் ஐஓ போன்றவற்றில் ஒவ்வொரு துணைக்களமும் வேறு வேறு ஆளுடையது. அங்கே மொத்தமாகத் திறப்பது தெருவில் உள்ள எல்லாருக்கும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான். போலிப் பெயர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். களப்பெயர் வலப்பக்கத்திலிருந்து ஒப்பிடப்படுகிறது. விக்கிப்பீடியா டாட் ஆர்க் என்பதற்குப் பின்னால் வேறு பெயரை ஒட்டிக்கொண்டு வரும் தளத்துக்கு இந்த அனுமதி போய்ச் சேராது.

மெய்ப்புத்தாத்தா:
டிக் இருந்தது. எப்போது போட்டேன் என்று நினைவில்லை. இப்போது நான்கே பதிவுகள். தட்டச்சு எல்லா மொழியிலும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை: எல்லா விக்கிகளுக்குமாக மெட்டாவில் (விக்கித் திட்டங்களுக்கான பொதுத் தளம், மெட்டா டாட் விக்கிமீடியா டாட் ஆர்க்) நான் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட். விக்கிமீடியா டாட் ஆர்க் பதிவு இருந்தும் ஓட மறுக்கிறது.

வலைக்கம்பி:
மெட்டாவின் முழு முகவரி பட்டியலில் எங்காவது ‘நம்பத்தகாதது’ என்று கிடக்கிறதா பாருங்கள். முழு முகவரிக்கும் பொதுக் களத்துக்கும் வேறு வேறு அனுமதி இருந்தால் முழு முகவரிதான் வெல்லும். அதை ‘இயல்புநிலை’க்கு மாற்றினால் போதும்.

மெய்ப்புத்தாத்தா:
கிடந்தது. அந்தப் பொத்தான்கள் மீது வந்த எரிச்சலில் ஒருநாள் நானே அழுத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. மாற்றிவிட்டேன், ஓடுகிறது. மகனிடம் இந்தப் பகுதியைச் சொல்லப் போவதில்லை.