24 எச்.பி. மினி டிராக்டருக்குக் குழி போடும் மிஷின்: 9 இஞ்சா, 12 இஞ்சா?

செக்கானூரணிச் செம்மண்
வணக்கம். செக்கானூரணி பக்கம் மூன்றரை ஏக்கர் இருக்கிறது. மேலே செம்மண், அடியில் சரளை. ஒரு ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, போன வருடம்தான் வெட்டி எடுத்தோம். என்ன வைத்தாலும் ஆடு மாடு மேய்ந்துவிட்டுப் போகிறது. அதனால் சுற்றிலும் கல்லுக்கால் ஊன்றி வேலி போடப் போகிறேன். 8 அடிக்கு ஒரு கால் என்றால் எப்படியும் 200 குழி, ஒவ்வொன்றும் இரண்டடி ஆழம். கடப்பாரை பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. கையில் 24 எச்.பி. மினி டிராக்டர் இருக்கிறது. பி.டி.ஓ.வில் (வண்டியின் பின்னால் சுற்றும் தண்டு) மாட்டும் குழி போடும் மிஷின் வாங்கலாம் என்று மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். மண்ணைக் குடையும் திருகு, அதாவது ஆகர், 9 இஞ்ச் அகலத்திலும் 12 இஞ்ச் அகலத்திலும் இருக்கிறது. "12 இஞ்ச் ஆகரே போடுங்க, அல்வா மாதிரி இறங்கும்" என்கிறார். நம்பலாமா?

வாடிப்பட்டி சம்சாரி
தாராளமாக நம்பலாம். என்னிடம் 27 எச்.பி. வண்டி, 12 இஞ்ச் ஆகர். மூன்று வருடமாக ஓடுகிறது. தோப்பு வேலி, பந்தல் கால், கன்றுக்குழி எல்லாம் அதில்தான். குழி போட ஒரு நிமிடம்கூட ஆகாது, வண்டியை நேராக நிறுத்தத்தான் நேரம் பிடிக்கும். 9 வாங்கினால் மறுவாரமே 12 வாங்கியிருக்கலாமே என்று இருக்கும்.

கள்ளிக்குடி கரிசல்
வாடிப்பட்டி அண்ணே, உங்களுடையது பெரியாறு வாய்க்கால் பாய்கிற பூமி. அங்கே கரண்டியை விட்டாலும் இறங்கும். அவர் சொல்வது சரளை.

3 இஞ்ச்தானே கூடுதல் என்று நினைக்கக் கூடாது தம்பி. 9-ஐ 9-ஆல் பெருக்கினால் 81, 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. அதே ஆழத்துக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு மண்ணை உங்கள் சின்ன வண்டி அறுத்துத் தூக்க வேண்டும். அப்புறம், நம் வண்டிகளின் ஹைட்ராலிக் தூக்க மட்டும்தான் செய்யும், கீழே அழுத்தாது. ஆகர் தன் எடையில் இறங்கினால்தான் உண்டு. சரளை தட்டியதும் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணை மாவாக்கிக்கொண்டிருக்கும். சிலர் மிஷின் மேல் ஆளை ஏற்றி நிற்க வைக்கிறார்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

என் கதை வேறு மாதிரி. மழை பெய்த மறுநாள் கரிசலில் 12 இஞ்ச் விட்டேன். பலகையில் திருகாணி ஏறுகிற மாதிரி தானாகவே இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. இன்ஜின் திணறி நின்றுபோனது. லிவரைத் தூக்கினால் ஆகர் வரவில்லை, வண்டியின் முன்சக்கரம்தான் எழும்புகிறது. கடைசியில் பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டு, ஆகர் தண்டில் பெரிய பைப் ரிஞ்சைப் போட்டு, முக்கால் மணி நேரம் நானும் மச்சானும் செக்கு மாடு மாதிரிப் பின்பக்கமாகச் சுற்றி வந்தோம். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

வாடிப்பட்டி சம்சாரி
அதில் மிஷின் குற்றம் என்ன இருக்கிறது மாப்ள? அரை அடி இறங்கியதும் தூக்கி மண்ணை உதற வேண்டும், மறுபடி விட வேண்டும். ஒரே மூச்சில் இரண்டடி விட்டால் யார் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான் மாட்டும். ஆக்சிலேட்டரையும் முழுக்கக் கொடுத்திருப்பீர்கள்.

ஒரு விஷயத்தை யாருமே கேட்கவில்லை. கல்லுக்கால் என்ன அளவு? 6-க்கு 6 என்றால் மூலைக்கு மூலை எட்டரை இஞ்ச் வரும். 9 இஞ்ச் குழியில் அதை இறக்கினால் சுற்றிலும் கால் இஞ்ச்தான் மிச்சம். மண்ணைப் போட்டுக் கடப்பாரையால் குத்தி இறுக்குவது எப்படி? கை வைத்தாலே ஆடும் கால் எதற்கு?

கள்ளிக்குடி கரிசல்
இந்தக் கணக்கு நியாயம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் 9 போட்டு, அதே குழியில் 12 விட்டு அகலமாக்கலாமே?

மேலூர் பட்டறை
அது வேண்டாம் தம்பி. நடுவில் ஏற்கெனவே குழி இருந்தால் 12-ன் நடுமுனைக்குப் பிடிமானம் இருக்காது. ஒரு பக்கமாக இழுக்கும், குழி கோணும், ஆட்டம் முழுக்கக் கியர் பாக்ஸ் தலையில் விழும்.

நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சுக்குச் சண்டை போடுகிறீர்கள். பட்டறைக்கு வருகிற மிஷின் எல்லாம் போல்ட்டால் வருகிறது. ஆகரையும் கியர் பாக்ஸ் தண்டையும் பிணைக்கும் ஷியர் போல்ட் அறுவதற்கென்றே போட்டது. வேர் மாட்டினால் அது அறும், மற்றது பிழைக்கும். அடிக்கடி அறுகிறதே என்று எரிச்சலில் ஒருவர் எளிதில் அறாத ஹை டென்சில் போல்ட் போட்டு ஓட்டினார். அடுத்த கருவேல வேரில் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தில் (பினியன்) பல் மூன்று போய்விட்டது. பத்து ரூபாய்ச் சாமானை மிச்சம் பிடித்த லட்சணம். கம்பெனி சொன்ன அளவில், சொன்ன ரகத்தில் ஒரு டஜன் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் கடையிலேயே உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள். மினி டிராக்டரின் லிப்ட் அதிகம் உயராது. முழுக்கத் தூக்கியும் ஆகர் முனை தரையை விட்டு ஒரு சாணாவது மேலே நிற்கவில்லை என்றால், குழிக்குக் குழி வரப்பை உழுதுகொண்டுதான் போக வேண்டும். பி.டி.ஓ. ஷாப்ட் நீளமும் அப்போதே தெரிந்துவிடும். சில சின்ன வண்டிகளில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு வேகம் உண்டு, குறைந்ததைப் போடுங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அந்த வேகத்திலேயே ஷாப்ட் நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. வேட்டி, தோளில் துண்டு இரண்டும் வேண்டாம். ஷாப்ட் மேல் பிளாஸ்டிக் கவர் இல்லாத மிஷினை வாங்கவே வேண்டாம்.

கல்லுப்பட்டி அக்கா
தம்பி, 200 குழிக்கு எதற்குச் சொந்த மிஷின்? மூன்று நாள் வேலை. அப்புறம் அது மாட்டுக்கொட்டகையில் துருப்பிடிக்கும், கோழி மேலே அடையும். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் நிற்கிறது. வாடகைக்கு எடுங்கள். இல்லையென்றால் பெட்ரோலில் ஓடும் கைமிஷின் போதும்.

வாடிப்பட்டி சம்சாரி
அக்கா, சரளையில் கைமிஷினா? கல் தட்டினால் ஆகர் நிற்கும், பிடித்திருப்பவர் சுற்றுவார். என் தம்பிக்கு மணிக்கட்டு பிசகி ஒரு மாதம் வேலை இல்லை. சொந்தமாக இருந்தால் அக்கம்பக்கம் ஓட்டிப் பாதிக் காசை எடுத்துவிடலாம். நான் எடுத்தேன்.

கல்லுப்பட்டி அக்கா
நீங்கள் எடுத்தீர்கள், உங்கள் பக்கம் தோப்பு. இவர் ஊரில் வருடத்துக்கு எத்தனை பேர் குழி போடப் போகிறார்கள்? முருங்கைக்குக்கூட ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வேண்டும், உங்கள் 12 இஞ்ச் போட்டாலும் மம்பட்டியால் சுற்றி வெட்டித்தான் ஆக வேண்டும். மானியம் என்று கிளம்பினாலும் சிறு குறு விவசாயி சான்று முதல் எல்லாக் காகிதமும் வேண்டும். அதற்குள் ஆடு உங்கள் கன்றைத் தின்று முடித்திருக்கும்.

கள்ளிக்குடி கரிசல்
கன்றுக்குழியில் இன்னொன்றும் உண்டு. களிமண் ஈரமாக இருக்கும்போது ஆகர் சுற்றினால் குழியின் சுவர் பானை மாதிரி வழவழவென்று மெழுகிவிடும். தண்ணீரும் போகாது, வேரும் போகாது. கடப்பாரையால் சுவரைக் கொத்திவிட்டுத்தான் கன்று வைக்க வேண்டும். செம்மண்ணில் இந்தத் தொல்லை குறைவு.

செக்கானூரணிச் செம்மண்
எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் சாயங்காலம் நான்கு மூலையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஊற விட்டு, நேற்றுக் காலையில் கடப்பாரை போட்டுப் பார்த்தேன். மூன்று மூலையில் ஒன்றேகால் அடியில் சரளை, ஆனால் ஊறியதால் உடைகிறது. கருவேலம் இருந்த ஓரத்தில் மணிக்கட்டு தடிமனில் வேர் கிடக்கிறது. அந்த வரிசை நாற்பது குழிக்கு மிஷினை விடப் போவதில்லை, கடப்பாரையும் கோடாலியும்தான்.

கல்லுக்காலையும் டேப் வைத்து அளந்தேன். 5-க்கு 4 என்று சொல்லித்தான் இறக்கியிருக்கிறார்கள், மூலைக்கு மூலை ஆறரைதான் வருகிறது. 9 இஞ்ச் குழியில் சுற்றிலும் ஓர் இஞ்சுக்கு மேல் இடம் இருக்கும். நாலைந்து கல் மட்டும் அடிப்பக்கம் வயிறு தள்ளிக் கிடக்கிறது, அதைக் கதவு பக்கம் போட்டுக்கொள்கிறேன். விக்கிரமங்கலத்தில் ஒருவரிடம் 9 இஞ்ச் மிஷின் வாடகைக்கு இருக்கிறதாம். முதலில் அரை நாள் எடுத்து என் வண்டியிலேயே மாட்டி ஓட்டிப் பார்க்கிறேன்.

வாடிப்பட்டி சம்சாரி
5-க்கு 4 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேனே! சரி, 9 போதும். கதவுக் காலுக்கு மட்டும் 12 போடுங்கள், அது இரண்டரை அடி இறங்க வேண்டும்.

மேலூர் பட்டறை
வாடகை மிஷினில் என்ன போல்ட் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் இருந்தால் அது ஹை டென்சில், அதுதான் கம்பெனி சொன்ன ரகமா என்று கேட்காமல் ஓட்ட வேண்டாம்.