கோயில் வாசலில் படுத்திருப்பவர்களுக்குப் பொட்டலம் கொடுத்தால் போதுமா?

காரைக்குடி வாசி: பிறந்தநாள், கல்யாண நாள் வந்தால் கொப்புடையம்மன் கோயில் பக்கம் போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறோம். போன வெள்ளிக்கிழமை அங்கே ஒரு பாட்டியின் பக்கத்தில் ஆறு பொட்டலம் கிடந்தது. தயிர்சாதம் புளித்து எறும்பு மொய்த்திருந்தது. கால்விரல் இடுக்கில் சீழ் வைத்த புண், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இப்படிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் வைத்தியம், ஆதார், முதியோர் உதவித்தொகை என்று செய்ய வேண்டும். மாதம் 1200 ரூபாய் வந்தால் அவர் கையேந்த வேண்டியதில்லை.

கோட்டையூர் ஆச்சி: நிறுத்தச் சொல்லாதீங்க தம்பி. வெள்ளிக்கிழமை ஆறு வந்தது, புதன்கிழமை எத்தனை வந்தது? பசிக்கு நாள் கிழமை தெரியாது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லி கொண்டுபோகிறேன். ஒரு பெரியவர் பல நாள் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் தானாகவே, "மேலூர்ப் பக்கம், மகன் இருக்கான்" என்றார். விண்ணப்பத்தோடு போய் நின்றிருந்தால் எழுந்து போயிருப்பார்.

தேவகோட்டையான்: சோறு போடப் போட ஆள் சேருகிறது. பிள்ளையார்பட்டி, குன்றக்குடிக்கு வருகிற பக்தர்கள் முகம் சுளிக்கிறார்கள். பிச்சையெடுப்பதைத் தடுக்க 1945லேயே சட்டம் போட்டாயிற்று. போலீஸ் அப்புறப்படுத்தட்டும்.

காரைக்குடி வாசி: அப்புறப்படுத்தி எங்கே விடுவார்கள், அடுத்த ஊர் வாசலிலா? இதே மாதிரிச் சட்டத்தின் பல பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று 2018ல் அங்குள்ள உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் திட்ட விதி. காரைக்குடி 2011 கணக்கெடுப்பிலேயே லட்சத்தைத் தாண்டிய ஊர், இப்போது மாநகராட்சி. விரட்டச் சொல்வதை விட்டு, காப்பகத்தில் எத்தனை படுக்கை இருக்கிறது என்று மாநகராட்சியில் போய்க் கேளுங்கள்.

செக்காலை செவிலியர்: போலீஸைக் கூப்பிட வேண்டிய இடமும் உண்டு. மனநலம் பாதித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பதிகாரியின் கடமை. 2017 மனநலச் சட்டத்தின் 100வது பிரிவு அது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. தானே பேசிக்கொண்டு திரிகிறவரைப் பார்த்தால் எட்டிப் பொட்டலத்தை வைத்துவிட்டு நகராதீர்கள். ஸ்டேஷனில் இந்தப் பிரிவைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்தப் பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் விரலே போய்விடும், தள்ளிப் போடாதீர்கள்.

கானாடுகாத்தான்: செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற இத்தனை பெரிய வீட்டில் ஒன்றைக் காப்பகமாகத் திறக்கலாமே?

கோட்டையூர் ஆச்சி: ஒரு வீட்டுக்கு எத்தனை பங்காளி, எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் கேட்கிறீங்களா? எல்லாரும் கையெழுத்துப் போடுவதற்குள் பாட்டி கால் என்ன ஆவது? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம், நான் கூட வருகிறேன். ஆனால் முதலில் அவளுக்குக் காபி வாங்கிக் கொடுப்பேன் தம்பி. சாப்பிட்டியா என்று கேட்காதவன் பின்னால் அவள் ஏன் வர வேண்டும்?

காரைக்குடி வாசி: வாங்க ஆச்சி. காபிக்கு மறுப்பில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு ஒரே நாளில் வந்து குவிக்கிற பொட்டலத்தைத்தான் வேண்டாம் என்கிறேன், அதில் மாற்றமில்லை. காலை ஒன்பதுக்குக் கோயில் முன்னால் நிற்கிறேன். வெளிநோயாளிச் சீட்டுக்கு வரிசை நீளம், இன்னும் ஒருவர் வந்தால் நல்லது.