விரிசன்னமா, மலர்குண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம்.

போன கிழமை நான் கேட்ட கேள்விக்கு ஒன்பது மறுமொழி வந்தது. ஒன்பதும் ஒன்பது திக்கில் போனது. பிழை என்னுடையதுதான். எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லாமல், உடம்பில் பட்டதும் முனை விரிகிற துப்பாக்கிக் குண்டைப் பற்றி, ‘எக்ஸ்பான்டிங் புல்லட்டுக்குத் தமிழ் என்ன’ என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டேன்.

விஷயம் இது. அக்காவின் மகன் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே மான் பெருகி, நட்ட மரக்கன்றையும் பயிரையும் மேய்ந்து தீர்க்கிறது. ஆண்டுதோறும் சுட்டுக் குறைக்கிறார்கள். அவனும் உரிமம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கொக்குவிலில் இருக்கிற அக்காவுக்கு நித்திரை இல்லை. “மானைச் சுட்டால் பிடித்து உள்ளே போடமாட்டார்களோ?” இங்கே என்றால் போடுவார்கள்தான். 1937 ஆம் ஆண்டு தொடங்கி அதற்கென்றே கட்டளைச் சட்டம் இருக்கிறது. புள்ளிமானையும் மரையையும் தொட முடியாது. அங்கே சட்டமே எதனால் சுட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறது. அதை அக்காவுக்கும் விளங்கும்படி தமிழில் எழுதித் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தோட்டாவைப் பிரித்தால் நாலு சாமான். பித்தளைக் கோது, கோதின் அடியில் ஊசி தட்டினால் பொறி பறக்கிற கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகியிருக்கிற சன்னம். விசையை இழுத்தால் சன்னம் மட்டும் பறக்கும், கோது பின்தங்கிவிடும். கோது என்ற சொல்லில் எனக்கு மறுபேச்சு இல்லை. முட்டைக் கோது, புளியங்கோது, ரவைக் கோது எல்லாம் ஒன்றுதான், உள்ளிருந்தது போக மிஞ்சிய ஓடு. எந்தக் குழு கூடி இருந்தாலும் இதைவிட நல்ல சொல் வராது.

சிக்கல் ரவையில். நம் பத்திரிகைகளில் ‘ரவைகள் மீட்பு’ என்றால் முழுத் தோட்டா. ‘ரவை பாய்ந்து காயம்’ என்றால் பறந்து வந்த துண்டு மட்டும். ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ரவை என்பதே சிறுமணி, உப்புமா ரவை மாதிரி. குருவி சுடும் துவக்கில் போடுகிற ஈயமணிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது, அதற்கே விட்டுவிடலாம். முழு உருப்படி தோட்டா, பறப்பது சன்னம். இவ்வளவுக்கும் உடன்பட்டால் மற்றது இலேசு.

இனி விரிகிற கதை. ஈயக் கருவைச் செப்புக் கலவைத் தகட்டால் முனைவரை மூடினால், அந்தச் சன்னம் உருமாறாமல் ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் போய்விடக்கூடும். மான் உடனே விழாது. துளையோடு ஓடிப் பற்றைக்குள் படுத்து, கிடந்து சாகும். அதனால் மான் சுடுகிற சன்னத்தின் முனையில் ஈயத்தைத் திறந்து விடுகிறார்கள், அல்லது அங்கே ஒரு குழி வைக்கிறார்கள். உடம்பில் பட்டதும் முனை பின்னோக்கிச் சுருண்டு விரியும். 7.8 மில்லிமீற்றர் விட்டத்தோடு உள்ளே போவது 12, 15 மில்லிமீற்றர் ஆகிவிடும். குறி வைப்பது தோளுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்துக்கு. அங்கே விரிந்த சன்னம் பட்டால் மான் வெகுதூரம் போகாது.

இங்கிலாந்தின் 1991 ஆம் ஆண்டு மான் சட்டம் இதைச் சுடுகிறவனின் விருப்பத்துக்கு விடவில்லை. சன்னம் மென்முனையாகவோ குழிமுனையாகவோ இருக்க வேண்டும். றைபிளின் குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குழல்வாயை விட்டுப் புறப்படும்போது சன்னத்தின் சக்தி 1700 அடி இறாத்தலுக்குக் (ஏறக்குறைய 2300 யூல்) குறையக் கூடாது. மன்ட்ஜாக் போன்ற சிறு மானுக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு.

மென்முனை, குழிமுனை என்ற இரண்டு சொல்லும் தாமாகவே வந்து விழுந்துவிட்டன. இரண்டுக்கும் பொதுவான தாய்ச்சொல்தான் வேண்டும். விரிகுடா போல வினைத்தொகையாக ‘விரிசன்னம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அடிக்க விரும்புகிறவர்கள் அடிக்கலாம்.

மறுமொழி, சென்னையிலிருந்து:

ஐயா, நீங்களே அழைத்ததால் அடிக்கிறேன். எங்கள் பக்கம் சன்னம் என்றால் மெலிசு. சன்ன அரிசி, சன்னமான குரல். ‘விரிசன்னம்’ என்று படித்தால் ஏதோ புடவைக் கரை என்றுதான் எங்கள் வீட்டில் நினைப்பார்கள். எங்களுக்குக் குண்டுதான், குண்டு பாய்ந்தது, குண்டடி பட்டது. விரிகுண்டு என்று வைத்தால் முடிந்தது. அழகாக வேண்டுமென்றால் மலர்குண்டு. முனை இதழ் இதழாகப் பிரிந்திருப்பதைப் படத்தில் பார்த்தேன், அசல் பூ!

இல்லை, இந்த வகைக் குண்டுக்கு உலகமே அறிந்த டம்டம் என்ற பேரையே வைத்துவிட்டால் என்ன? கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊரின் பேர். கலைச்சொல் ஆக்குகிற வேலையே மிச்சம்.

மறுமொழி, முல்லைத்தீவிலிருந்து:

தம்பிமாரே, எனக்கு இலக்கணம் அவ்வளவு வராது. பார்த்ததை எழுதுகிறேன். என் அப்பு காலத்தில் இடியன் துவக்குத்தான். குழல் வாயால் மருந்தைப் போட்டு இடித்து, ஈயம் உருக்கி வார்த்த உருண்டையை இறக்குவது. அந்த ஈயம் எலும்பில் பட்டால் சப்பளிந்துவிடும். இறைச்சி வெட்டும்போது கத்தியில் ‘டக்’ என்று தட்டுப்படும், எடுத்துப் பார்த்தால் காசு மாதிரி இருக்கும். வெறும் ஈயம் என்றாலே விரியும், செப்புச் சட்டை போட்ட பிறகுதான் அதை விரியச் செய்ய வித்தை தேவைப்பட்டிருக்கிறது. பிறகு தோட்டாத் துவக்கு வந்தது. பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெரிய ஈயமணி, கொக்குக்கு நாலாம் நம்பர் என்ற சிறுமணி. ரவை என்றால் எங்களுக்கு அதுதான், அதில் யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது சரி.

குண்டு என்று மட்டும் எழுதாதேயுங்கோ. இங்கே குண்டு என்றால் வானத்தால் வருவது. வாசிக்கிற சனம் பங்கர் தேடும்.

ஒரு பயம் இருக்கிறது. விரிசன்னம் என்றதை விரிசல் என்று எடுத்து, உடைந்து தூளாகிற சாமான் என்று நினைப்பார்கள். உண்மையிலேயே தூளாகிறதும் இருக்குத்தானே? அதுக்கு என்ன பேர்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா கேட்டதுதான் இந்த இழையிலேயே பெறுமதியான கேள்வி. தூளாகிறது இருக்கிறது. சிறு பிராணிகளைச் சுடவென்று மெல்லிய தகட்டில் செய்கிறார்கள், பட்ட இடத்திலேயே சிதறிவிடும். அதை மானின் தோள் எலும்பில் அடித்தால் மேலே பெரிய புண், உள்ளே ஒன்றும் இல்லை. அந்த மானும் ஓடும். ஒன்று விரியாமல் கெடுக்கிறது, மற்றது சிதறிக் கெடுக்கிறது. மானுக்கு வேண்டியது விரியவும் வேண்டும், ஒன்றாய் நின்று ஆழமாய்ப் போகவும் வேண்டும். அதனால் ‘சிதறுசன்னம்’ என்று ஒன்றை ‘விரிசன்னத்துக்கு’ எதிரே நிறுத்தினால் விரிசல் மயக்கமும் தீரும். சிதறல் என்றால் என்ன என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்த இழுபறிக்கு ஒரு பழைய தீர்வு உண்டு. ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் 1946 இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்ற பெரிய மானைச் சுடப் போனார். அவருடைய சன்னம் அந்தப் பெரிய உடம்புக்குள் ஆழமாய்ப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, நடுவில் செப்புச் சுவர் வைத்து ஈயத்தை இரண்டாகப் பிரித்து ஒரு சன்னம் செய்தார். முன்பாதி விரியும், சுவர் தடுப்பதால் பின்பாதி அப்படியே நின்று தள்ளிக்கொண்டு போகும். 1948 இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் கிடைக்கிறது. இதற்கு நான் வைத்த பேர் ‘இடைத்தட்டிச் சன்னம்’. அறைக்கும் விறாந்தைக்கும் நடுவே தட்டி கட்டி வாழ்ந்த ஊர்க்காரருக்குப் படம் போடாமலே விளங்கும்.

முழுச் செப்பில் செய்வதும் இருக்கிறது. ஈயத் துணுக்கு இறைச்சியிலும், காட்டில் விட்டுப் போகிற குடலைத் தின்கிற பறவைகளிலும் சேருகிறது என்பதால் கலிபோர்னியாவில் 2019 யூலை முதல் வேட்டைக்கு ஈயச் சன்னமே கூடாது. செப்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்குச் சன்னம் நீளமாகும். வேகம் தணிந்தால் விரியவும் பஞ்சிப்படும். பேர், ‘செப்புச் சன்னம்’ போதும்.

இனிச் சென்னை நண்பருக்கு. டம்டம் வேண்டாம். அங்கே இருந்த படைக்கலச் சாலையில் ஆங்கிலேயர் 1890களில் செய்தது மனிதரைச் சுட. 1899 இல் ஹேக் நகரில் கூடி, மனித உடம்பில் இலேசாக விரிகிற சன்னத்தைப் போரில் பாவிக்கக் கூடாது என்று பிரகடனம் செய்தார்கள். போரில் கூடாதது மான் வேட்டையில் கட்டாயம். இரண்டுக்கும் ஒரே பேர் வைத்தால், அக்கா மகனைத் திருப்பி அழைத்துவிடுவா.

மலர் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். சித்தப்பாவின் தொடையில் சண்டைக் காலத்துச் சன்னம் ஒன்று இன்னும் கிடக்கிறது. முழங்கால் நோவுக்கு எக்ஸ்றே எடுக்கப் போனபோது நான்தான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்புக்குப் பக்கத்தில், முனை கொஞ்சமும் மழுங்காமல், சீவிய பென்சில் துண்டு மாதிரி வெள்ளையாய்க் கிடந்தது. மூடிய முனை, விரியவில்லை. விரிந்திருந்தால் அந்தக் கால் இருந்திருக்குமோ தெரியாது. அவரிடம் போய் மலர் என்று சொல்ல என் வாய் வராது. விரி என்பதில் பூச்சூட்டல் இல்லை, நடப்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த மூடிய இனத்துக்கு ‘முழுவுறைச் சன்னம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சன்னம் மெலிசு என்ற உங்கள் பேச்சு நியாயமானது. முதல்முறை வரும் இடத்தில் ‘துப்பாக்கிச் சன்னம்’ என்று எழுதிவிடுகிறேன். பட்டியலில் ‘விரிகுண்டு (தமிழகம்)’ என்றும் சேர்க்கிறேன். துப்பாக்கியும் துவக்கும் ஒரே துருக்கிச் சொல்லிலிருந்து வந்து இரண்டு கரையிலும் சண்டையில்லாமல் இருக்கின்றன. இவையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

எடைக்கு ஒரு சொல் தேடி அலுத்துவிட்டேன். சன்னத்தைக் கிறெயினில் நிறுக்கிறார்கள், 7000 கிறெயின் ஒரு இறாத்தல். தானியமணியை வைத்து வந்த அளவு. நம்மிடம் குன்றிமணி இருக்கிறது, ஆனால் அது கிட்டத்தட்ட இரண்டு கிறெயின் பாரம், மாற்றிப் போட்டால் கணக்குக் குழம்பும். கிறெயின் என்றே விட்டேன். அக்காவுக்கு மட்டும் “150 கிறெயின் என்றால் ஒன்றேகால் பவுணுக்குக் கொஞ்சம் குறைய” என்று சொன்னேன். உடனே விளங்கிவிட்டது.

மருமகன் பாவிக்கிறதும் அதுதான், 0.308 அங்குல றைபிளில் 150 கிறெயின் மென்முனை. ஃபலோ மானுக்கு அது தாராளம் என்கிறான். சுட்ட மான் ஒன்றின் மறுபக்கத் தோலுக்கு அடியில் நின்ற சன்னத்தை எடுத்துக் கழுவிக் குசினித் தராசில் வைத்துப் படம் அனுப்பியிருந்தான். 7.6 கிராம் காட்டியது. 9.7 கிராமாய்ப் புறப்பட்டது. பின்பாதியில் குழலின் உட்புரி பதித்த கோடுகூட அழியவில்லை. முன்பாதி சப்பளிந்து, ஓரத்தில் செப்பு நாலாய்க் கிழிந்து பின்னால் மடிந்திருந்தது. கீழே எழுதியிருந்தான்: “மாமா, இங்கே எல்லாரும் காளான் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே போடுங்கோவன்.”

போடலாம்தான், ஆனால் காளான் விரிந்து முடிந்த பிறகு உள்ள கோலம். கடையில் பெட்டிக்குள் இருப்பது இன்னும் காளான் ஆகவில்லை. அதனால் பெட்டியில் இருப்பது விரிசன்னம், மானிலிருந்து எடுத்தது காளான் பிடித்த சன்னம் என்று எழுதப் போகிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லுங்கள்.

தராசில் நின்ற அந்த 7.6 கிராமுக்கும் ஒரு பேர் வேண்டும். ‘எஞ்சு திணிவு’ என்று எழுதியிருக்கிறேன். சென்னை நண்பர் அதை ‘எஞ்சு நிறை’ என்று திருத்துவார் என்று தெரியும். அந்தச் சண்டையைத் தயவுசெய்து வேறு இழையில் தொடங்குங்கள்.